பிளேட்டோவின் அச்சமும் அரிஸ்டோட்டிலின் விடையும்
(கிரேக்கரின் ‘மிமீசிஸ்’ கொள்கை பற்றிய ஓர் ஆய்வு)

கிரேக்கத் திறனாய்வைப் பயிலப் புகும் மாணாக்கர் முதலிற் கற்றுக்கொள்வது ஒரு வழக்கின் கதையாகும். உலகப் பொருள்கள் உண்மைப் பொருளின் சாயல்கள். கலைஞன் அச்சாயலுக்கும் சாயல் செய்பவன். ஆதலின் அவன் உண்மைக்கு மூன்றாம் படியில் நிற்பவன் என்று கூறிப் பிளேட்டோ கவிஞரைத் தம் நகரினின்றும் வெளியேற்றினார். அவருடைய மாணாக்கரான அரிஸ்டோட்டில், கவிஞன் நிகழ்ந்ததைக் கூறுபவனல்லன், நிகழக்கூடியதைக் கூறுபவன் என விளக்கி அவரை மீண்டும் உள்ளே அழைத்து வந்தார். வழக்கு முடிந்தது, தீர்ப்பு மாணாக்கர் பக்கம். தேர்வு வினாக்களுக்கு விடையிறுக்க இக்கதை மிகவும் வாய்ப்பானது. இது பொய்யுமன்று. ஆயினும் பாதியே மெய். பிளேட்டோ கவிதைமீது சாற்றிய குற்றங்கள் இரண்டு. அவற்றுள் எளிதில் மறுக்கத்தக்க ஒன்றே பெரிதும் எடுத்துப் பேசப்படுகின்றது. மற்றையது பள்ளிக்கூடத்தோடு தொடர்புடையது, கனமானது, அரிஸ்டோட்டிலால் முற்றாக விடையளிக்கப்படாதது. அதனை மறந்துவிட்டுப் பிளேட்டோவைக் கவிதையின் பகைவர் என்று மட்டும் எழுதிச் செல்வது அவருக்கும் நீதியன்று; கவிதைக்கும் நன்மையன்று.

இக்குழப்பத்திற் பெரும்பங்கு சொல்லொன்றினாலே விளைந்தது. மிமீசிஸ் என்பதைத் தமிழிற் ‘போலச்செய்தல்’ என்றும், ‘பின்பற்றல்’ என்றும், வடசொல்லால் ‘அநுகரணம்’ என்றும் பெயர்த்தெழுதுவர். இலத்தீனில் ‘இமிற்றாசியோ’ என மொழிபெயர்க்கப்பட்டு, அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் பிறமொழிகளுக்கும் சென்றபோது, முன்னைப் புலவரின் நடையைப் பின்பற்றி எழுதுதல் என்னும் வேறொரு பொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டது. இச்சொற்களைக் கேட்டமாத்திரத்தே படிப்போர் உள்ளத்தில் எழுவது ஒரு மூலமும் அதன் நகலுமே. பழைய கிரேக்க வழக்கிலோ இச்சொல் கல்லையும் வண்ணத்தையும்விடக் குரலையும் உடலையுமே மிகுதியும் சார்ந்து நின்றது. ஹோமரின் பெயரால் வழங்கும் அப்பொலோ துதிப்பாடலில், டீலோஸ் தீவின் கன்னியர் பல நாட்டாரின் பேச்சையும் தாளவொலியையும் தாமே செய்து காட்ட வல்லவரெனப் புகழப்படுகின்றனர். கேட்போர் ஒவ்வொருவரும் தாமே பேசுவதாக எண்ணுவராம். கி. மு. 490இல் அக்கிராகாஸ் நகரத்துக் குழலிசைஞன் ஒருவனுக்காகப் பின்டார் பாடிய வெற்றிப்பாடலிலும், கோர்கன் மகளிரின் ஓலத்தைக் குழலொலியிற் செய்துகாட்ட அதீனாத் தெய்வம் குழலிசையைக் கண்டதாகக் கூறுமிடத்தில் இவ்வினைச்சொல்லே வருகின்றது. இங்கெல்லாம் நகல் எடுத்தல் என்பதிலும், ஒன்றாகத் தானே நின்று காட்டுதல் என்பதே பொருந்தும். ‘வேடம் புனைதல்’ என்னும் தமிழ்த்தொடர் இப்பழம்பொருளுக்குப் ‘போலச்செய்தல்’ என்பதைவிட அண்மையிலுள்ளது எனலாம்.

ஹெர்மன் கொல்லர் என்னும் அறிஞர் 1954இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்ட நூலில், இச்சொல் தொடக்கத்தில் ஆடலையும் இசையோடு கூடிய வெளிப்பாட்டையுமே குறித்தது எனவும், நகல் என்னும் பொருள் பிற்பட்டது எனவும் வாதித்தார். 1958இல் ஜெரால்ட் எல்ஸ் இதனை மறுத்து, கி. மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே குரலாலும் மெய்யாலும் காட்டுதல், பிறர் செயலைப் பின்பற்றுதல், உருவம் அமைத்தல் ஆகிய பொருள்கள் அருகருகே வழங்கின என்று காட்டினார். எல்ஸின் கூற்றே சான்றுகளுக்கு இசைவது. ஆயினும் கொல்லரின் மிகைக்கூற்றாலும் ஒரு பயன் உண்டு. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலைத் திறக்குமுன், ஓவியனை மறந்து, மேடையில் நிற்பவனை நினைத்துக்கொள்ள அது கற்பிக்கின்றது.

அதென்ஸ் நகரத்து இளைஞன் கவிதையைக் கண்ணாற் படித்துப் பொருள் தெரிந்து நிறுத்திக்கொண்டவனல்லன். நெட்டுருச் செய்து வாயால் ஒப்பித்தவன். செனபன் எழுதிய ‘விருந்து’ என்னும் நூலில் நிக்கெராத்தஸ் என்பவன், தான் நல்லவனாதல் வேண்டும் எனக் கருதிய தந்தை ஹோமரின் பாடல்களனைத்தையும் தன்னைக் கற்கவைத்தார் என்றும், இலியட், ஒடிசி இரண்டனையும் இன்றும் தன்னாற் சொல்லமுடியும் என்றும் பெருமையோடு கூறுகின்றான். இவையிரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 27,000 அடிகள் கொண்டவை. ‘அயோன்’ என்னும் உரையாடலிற் பிளேட்டோ காட்டும் பாராயணகாரன், இரங்கத்தக்க பகுதிகளைச் சொல்லும்போது தன் கண்கள் நீரால் நிறைவதாகவும், அச்சந்தரும் பகுதிகளில் மயிர் குத்திட்டு நிற்பதாகவும் ஒப்புக்கொள்கின்றான். நகைச்சுவைப் புலவரும் இதனை அறியாதவரல்லர். கி. மு. 411இல் அரங்கேறிய அரிஸ்டோபனீஸின் நாடகமொன்றில், துன்பியற் புலவன் அகத்தோன் பெண்ணுடை அணிந்து தோன்றி, பெண்களைப் பற்றி நாடகம் எழுதுவோன் அவர்தம் ஒழுகலாற்றைத் தன் உடம்பிலும் ஏற்றல் வேண்டும் என்றும், இயற்கையில் இல்லாததை மிமீசிஸ் பெற்றுத்தரும் என்றும் உரைக்கின்றான். அவையோர் நகைத்திருப்பர். பிளேட்டோ நகைக்கவில்லை. எரிக் ஹவ்லொக் 1963இல் வெளியிட்ட நூல், பிளேட்டோவின் தாக்குதல் முழுவதும் இவ்வாய்மொழிக் கல்விக்கு எதிரானதே எனக் கூறும். எழுத்தறிவு நன்கு பரவிய காலத்தவரான பிளேட்டோவைப்பற்றி அது சற்று அளவுகடந்த கூற்று. ஆயினும் அவர் சுட்டிய திசை தவறன்று.

‘குடியரசு’ மூன்றாம் பகுதியிற் சோக்கிரட்டீஸ் செய்யும் சிறு பரிசோதனையொன்று உண்டு. இலியட்டின் தொடக்கத்தில், அப்பொலோவின் பூசாரியாகிய கிறைசீஸ் சிறைப்பட்ட தன் மகளை மீட்கப் பொருளோடு வருகின்றான். அகமெம்னன் சினந்து விரட்டுகின்றான். முதியவன் தன் தெய்வத்தை வேண்டுகின்றான். இதுவரை தம் வாயாற் கதை சொல்லிவந்த ஹோமர், பூசாரி வாய்திறந்ததும் தாமே பூசாரியாகி விடுகின்றார் என்று சோக்கிரட்டீஸ் காட்டுகின்றார். பின்னர், தாம் கவிஞரல்லர் ஆதலின் யாப்பின்றிச் சொல்வதாகக் கூறி, அப்பகுதி முழுவதையும் படர்க்கைக் கூற்றாக மாற்றிச் சொல்கின்றார். பூசாரி வந்தான், வேண்டினான், மற்றையோர் இணங்கினர், அகமெம்னன் சினந்தான், முதியவன் அஞ்சி அகன்றான், இவ்வாறு அது செல்கின்றது. பொருளிற் பெரும்பாலும் குறைவில்லை. உயிர் மட்டும் போய்விட்டது. அதனைப் படிக்கும் எவரும் ஹோமர் பக்கமே சாய்வர். பிளேட்டோவும் இதனை அறியாதவரல்லர். கலப்பு நடையே சிறுவர்க்கும், அவர்களைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் ஏவலர்க்கும், பொதுமக்கட் கூட்டத்துக்கும் மிக இனிமையானது எனச் சோக்கிரட்டீஸே சொல்கின்றார். இனிமையை மறுத்து எழுந்த வாதமன்று இது. இனிமையை முழுதும் உணர்ந்து எழுந்தது.

அங்ஙனமாயின் அவர் அஞ்சியது எதனை? இளமை தொட்டு நீடித்துச் செய்யப்படும் மிமீசிஸ், உடலிலும் குரலிலும் எண்ணத்திலும் பழக்கமாகி, ஈற்றில் இயல்பாகவே ஆகிவிடும் என்பதே அவர் கூற்று. ஆதலின் நகர்க்காவலராக வளர வேண்டிய இளைஞர் பித்தரையும் கோழையரையும் குடிகாரரையும் பழித்துச் சண்டையிடுவோரையும் நடித்துக்காட்டலாகாது; குதிரை கனைத்தலையும் எருது முக்காரமிடுதலையும் ஆற்றின் இரைச்சலையும் கடலின் முழக்கத்தையும் இடியையும் ஒலித்துக்காட்டலும் ஆகாது. இவ்விடத்திற் பிளேட்டோவின் நடையிலும் ஒரு குறும்பு புகுந்துவிடுகின்றது. ஒவ்வோர் ஒலியையும் அவர் கேட்டு மகிழ்ந்தே எழுதியிருத்தல் வேண்டும்.

பிளேட்டோ இங்கே மிமீசிஸ் முழுவதையும் விலக்கவில்லை என்பது பலரும் காணாது விடுவது. துணிவும் அடக்கமும் உடைய நல்லோரைச் சிறுவர் ஏற்று நடிக்கலாம், நடித்தலும் வேண்டும். தீயோரையும் விளையாட்டாக ஏற்பதற்கு ஒரு சிறு வாயில் விடப்பட்டுள்ளது. எனவே, கள்வனாக ஒருமுறை மேடையேறிய சிறுவன் கள்வனாகிவிடுவானோ என்று வினாவி அவரை மடக்கிவிட முடியாது. ஒருமுறை நிகழ்வதைப் பற்றி அவர் பேசவில்லை. பதின்மூன்று, பதினான்கு ஆண்டுப் பருவத்திலே நாள்தோறும் ஒரே குரலை ஏற்று ஒப்பிக்கும் நாவைப்பற்றிப் பேசுகின்றார். ஆசிரியத் தொழிலில் நின்றோர் எவரும் இதனை எளிதிற் புறக்கணித்தல் அரிது.

அவர் வாதம் இடறுமிடம் வேறு. எல்லாவற்றையும் செய்துகாட்ட வல்ல ஒருவன் நகருக்கு வந்தால், அவனைத் தெய்வத்தன்மை உடையவனென்று வணங்கி, தலையில் நறுநெய் பெய்து, கம்பளிநூல் மாலை சூட்டி, வேற்றூருக்கு அனுப்பிவிடுவோம் என்பது அவர் முடிபு. அதற்குக் காட்டும் காரணத்தை நோக்குதல் வேண்டும். அவன் பொய்யன் என்றோ தீயவன் என்றோ அவர் கூறவில்லை. தம் நகரில் இருமடி மனிதனும் பன்மடி மனிதனும் இல்லை. செம்மான் செம்மானாகவே இருப்பான், மாலுமியாகவும் இரான். உழவன் உழவனாகவே இருப்பான், நீதிபதியாகவும் இரான் என்பதே காரணம். ஆகவே அஞ்சப்பட்டது பொய்யன்று, பன்மை. ஒரே நாவிற் பூசாரியின் அழுகையும் அரசனின் செருக்கும் அடுத்தடுத்து எழுதல் கூடும் என்பதே அவருக்குப் பொறுக்கவொண்ணாததாயிற்று. ஆனால் கிறைசீஸின் வேண்டுகோளைத் தன் வாயாற் சொல்லி, அடுத்த கணமே அகமெம்னனின் மறுமொழியையும் சொல்லும் இளைஞன், இருவரில் எவர் பக்கம் நீதி உள்ளது என்பதை உடம்பாலே உணர்கின்றான். பன்மையிற் பயின்றவனே நடுவுநிலையிற் பயின்றவனாதல் கூடும். ஒருவனுக்கு ஒரு தொழில் என்னும் விதியின்மேல் நகரைக் கட்டியவர்க்கு இவ்வாயில் அடைபட்டே கிடந்தது.

இக்குறையைப் பிளேட்டோவின் நூலே எடுத்துக்காட்டும் என்பது வியப்பு. ‘குடியரசு’ முழுவதும் சோக்கிரட்டீஸ் தம் வாயாற் சொல்லும் கதை. முதற்பகுதியிற் காட்டு விலங்கெனப் பாய்ந்து வந்து, வலியோரின் நன்மையே நீதி எனக் கூவும் திரசிமாக்கசின் குரலை ஏற்றுப் பேசுபவரும் அவரே. அரிஸ்டோட்டில் ‘கவிதையியல்’ முதல் அதிகாரத்திற் சோபிரோன், செனார்க்கஸ் என்போரின் குறுநாடகங்களோடு சோக்கிரட்டீஸ் உரையாடல்களையும் மிமீசிஸ் வகையுள் ஒன்றாக அமைத்து, மேலும் ஒன்றும் கூறாமற் செல்கின்றார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிளேட்டோவின் கழகத்திற் பயின்றவர் அவர். அந்நூலிற் பிளேட்டோவின் பெயர் வருவதில்லை. இவ்வொரு வரியே போதுமெனக் கருதினார்போலும்.

‘குடியரசு’ பத்தாம் பகுதிக்கு வரும்போது, வாதம் மேடையை விட்டு ஓவியனின் கூடத்துக்குப் போய்விடுகின்றது. இறைவன் படைத்த கட்டில் ஒன்று; தச்சன் செய்த கட்டில் ஒன்று; ஓவியன் தீட்டிய கட்டில் ஒன்று. ஒரு கண்ணாடியை எடுத்து எப்புறமும் திருப்பினால் ஞாயிற்றையும் மண்ணையும் விலங்கையும் விரைவிற் ‘படைத்து’விடலாம் என்ற ஏளனமும் உண்டு. பாடநூல்களிற் புகழ்பெற்றது இப்பகுதியே. வலிவிற் குறைந்ததும் இதுவே. ஓவியன் கட்டிலின் ஒரு தோற்றத்தைக் காட்டுகின்றான் என்பது மெய். கவிஞன் அகிலீஸின் சினத்தைக் காட்டும்போது, அதற்கு ஈடான தச்சன் யார்? அக்கேள்விக்கு அங்கே விடையில்லை. ஓவியத்துக்கேனும் இவ்வாதம் முற்றும் பொருந்துமோ எனின், அதுவும் ஐயமே. செனபனின் சோக்கிரட்டீஸ், பராசியஸ் என்னும் ஓவியனிடம் உள்ளத்தின் பண்பைத் தீட்டமுடியுமா என வினாவுகின்றார். நிறமும் வடிவமும் இல்லாத ஒன்றை எவ்வாறு தீட்டுவது என்று அவன் முதலில் மறுக்கின்றான். பின், அன்பும் பகையும் பார்வையிலே தோன்றும் என்பதையும், செருக்கும் பணிவும் நிற்கும் நிலையிலே விளங்கும் என்பதையும் ஒப்புக்கொள்கின்றான். கண்ணாடி வாதத்தைக் கண்ணாடியின்றியே உடைக்கும் உரையாடல் அது.

ஆயினும் பத்தாம் பகுதியின் பிற்கூறு மூன்றாம் பகுதியின் அச்சத்துக்கே மீள்கின்றது. அங்கே பிளேட்டோவின் குரல் மீண்டும் கனக்கின்றது. ஹோமரின் வீரனோ துன்பியல் நாடகத்துத் தலைவனோ நீண்ட புலம்பலிலே மார்பிலடித்து அழும்போது, சான்றோரும் தம்மை மறந்து உடனழுது, அழவைத்த புலவனையே சிறந்தவன் எனப் புகழ்வர். தம் வீட்டில் துயர் நேர்ந்தாலோ அழாதிருத்தலையே ஆண்மை என்பர். பிறர் துயரிற் கொழுத்து வளர்ந்த இரக்கத்தைத் தம் துயரில் அடக்குதல் எளிதன்று என்கின்றார் பிளேட்டோ. இங்கே தச்சனும் இல்லை, கட்டிலும் இல்லை. பழக்கம் இயல்பாகும் என்னும் பழைய வாதமே ஒப்பிப்போனை விட்டுக் கேட்போன்மேற் செல்கின்றது. கவிதை இனியது மட்டுமன்று, பயனுடையதும் ஆம் என எவரேனும் உரைநடையிற் காட்டுவாராயின் மகிழ்ந்து கேட்போம் என்றும் அவர் அழைப்பு விடுக்கின்றார்.

அவ்வழைப்புக்கு அரிஸ்டோட்டில் தந்த விடை எவ்வளவு? சாயலுக்குச் சாயல் என்ற குற்றச்சாட்டை அவர் தொட்டு மறுக்கவில்லை, கேள்வியையே மாற்றிவிட்டார். மிமீசிஸ் குழந்தைப் பருவம் முதல் மனிதனுக்கு இயல்பானது. முதற் கல்வி அதனாலேயே அமைகின்றது. இழிந்த விலங்கையும் பிணத்தையும் நேரிற் காண வெறுப்போரும் ஓவியத்திற் கண்டு மகிழ்வர், இன்னது இதுவென அறிதலின்பம் அதிலிருத்தலால். பெண்மானுக்குக் கொம்பில்லை என்பதை அறியாது தீட்டுதல், மானென்றே தெரியாதவாறு தீட்டுதலினும் சிறு பிழை என்பார். துன்பியல் மனிதரைப் போலச்செய்வதன்று, செயலைப் போலச்செய்வது. தொடக்கமும் நடுவும் முடிவும் உடைய ஒன்று. ஹெரோடோட்டஸின் வரலாற்றை யாப்பில் அமைத்தாலும் அது வரலாறே. இம்மாற்றத்தின் பின் மூலம் எங்கே, நகல் எங்கே என்னும் வினா எழுவதற்கே இடமில்லை. கட்டுக்கோப்பு ஒன்று உள்ளது. அது நிகழத்தக்கதா, பொருந்துமா என்பதே வினா. இஃது ஓர் அரிய வெற்றி. அதனைக் குறைத்துக் கூறுதல் கூடாது.

மூன்றாம் பகுதிக்கும் ஒரு மறுமொழி அதிற் காணப்படும். கவிஞன் தன் வாயாற் பேசுவதை மிகக் குறைத்துக்கொள்ளுதல் வேண்டும், அப்போதெல்லாம் அவன் மிமீசிஸ் செய்பவனல்லன் ஆதலின். இதனை அறிந்தவர் ஹோமர் ஒருவரே, சிறிது முன்னுரை கூறியதும் ஆணையோ பெண்ணையோ மேடைக்கு அழைத்துவிடுவார் என்று இருபத்துநான்காம் அதிகாரம் கூறும். சோக்கிரட்டீஸ் எதனைக் குற்றமெனக் கண்டாரோ அதுவே இங்கே தலையாய சிறப்பாயிற்று. ஆனால் இவ்விடை கவிஞனுக்கு மட்டுமே உரியது. அச்சொற்களை நாவில் ஏற்று வளரும் மாணாக்கனைப்பற்றிக் ‘கவிதையியல்’ பேசாது. நடிகரைப்பற்றி அது கூறுவதும் சிலவே. அளவுமீறி நடித்த கலிப்பிடீசை முதிய நடிகர் மைனிஸ்கஸ் குரங்கு என்றழைத்த செய்தியைக் கூறி, அக்குற்றம் நடிப்பினதேயன்றிக் கவிதையினதன்று என அரிஸ்டோட்டில் தள்ளிவிடுகின்றார்.

மாணாக்கனைப்பற்றி அவர் என்ன எண்ணினார் என்பதை அறிய ‘அரசியல்’ நூலுக்குச் செல்லவேண்டும். திறனாய்வு பயில்வோர் அந்நூலை எடுப்பது அரிது. அதன் ஏழாம் பகுதியில், விருந்திற் பெரியோரோடு அமர்ந்து மது அருந்தும் பருவம் எய்தும்வரை இளைஞர் வசைப்பாடலையும் இன்பியல் நாடகத்தையும் காணவும் கேட்கவும் சட்டம் இடந்தரலாகாது என்கின்றார். மேடையிற் தமக்கு முன் வேறொருவரை, எளிய நடிகரையேனும், தோன்றவிடாத தியோடோரஸ் என்னும் நடிகரை எடுத்துக்காட்டி, முதலிற் கேட்டதிலேயே உள்ளம் பற்றுக்கொள்ளும் என்கின்றார். எட்டாம் பகுதியில், இசையிலே சினம், சாந்தம், துணிவு முதலியவற்றின் சாயல்கள் உள. சாயல்களைக் கண்டு மகிழவும் வருந்தவும் பழகுதல், மெய்ப்பொருளைக் கண்டு அவ்வாறாதலுக்கு மிக அண்மையது என்கின்றார். இவை ‘குடியரசு’ நூலின் சொற்களோ என ஐயுறத் தோன்றும். கவிதையைக் காக்க எழுந்த மாணாக்கர், பள்ளி வாயிலிலே ஆசிரியரோடு ஒன்றாக நிற்கின்றார்.

எஞ்சியிருப்பது வளர்ந்தோரின் கண்ணீர். இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவற்றின் வாயிலாக இத்தகைய உணர்ச்சிகளின் கதார்சிசைத் துன்பியல் நிறைவேற்றும் என்பது ஆறாம் அதிகாரத்து இலக்கணம். உணர்ச்சி ஊட்டப்பட்டு வளர்கின்றது என்ற பிளேட்டோவுக்கு, அது எழுப்பப்பட்டு ஆற்றப்படுகின்றது என்னும் விடை இதனுள் அடங்கியிருத்தல் கூடும். அச்சொல் மருத்துவத்துக்குரிய கழிவையோ, சடங்குக்குரிய தூய்மையையோ, அறிவுக்குரிய தெளிவையோ குறிக்கும் என்று உரையாசிரியர் பலபடக் கூறுவர். ‘அரசியல்’ எட்டாம் பகுதியில் இசையால் எழும் கதார்சிசைச் சுருக்கமாகக் குறிப்பிட்டு, அதன் விளக்கத்தைக் கவிதை பற்றிய நூலிலே தெளிவாகத் தருவதாக அரிஸ்டோட்டில் வாக்களிக்கின்றார். இன்று கைக்கெட்டியுள்ள ‘கவிதையியல்’ இருபத்தாறு அதிகாரங்களில் அவ்விளக்கம் இல்லை.